அப்ரண்டிஸ் நீங்கலாக

நன்றியுரையில் ஒரு சௌகரியம் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. தலைமையுரைக்குக் கைதட்டுவார்கள், சிறப்புரைக்குக் கொட்டாவியை அடக்கிக்கொள்வார்கள். நன்றியுரை என்று அறிவித்த மறுநொடி சிறப்பு விருந்தினர் டிரைவருக்கு போன் போடுவார், பந்தல்காரர் பின்வரிசை நாற்காலிகளை அடுக்க ஆரம்பிப்பார். மைக்செட்காரர் மட்டும் தன் பொருளை விட்டுப் போக முடியாமல் நின்றிருப்பார். ஆகவே, விழா மேடையில் உண்மையைச் சொல்லத் தோதான இடம் நன்றியுரைதான். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே ஏதோ ஓர் ஆலையில் ‘இந்த ஆண்டின் தலைசிறந்த தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்)’ விருது விழா நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆலை என்று கேட்காதீர்கள். ஃப்ளெக்ஸ் எல்லா இடத்திலும் ஒன்றுதான், லோகோ மட்டும் மாறும். அங்கே நன்றி சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தால், இப்படிச் சொல்லுவேன்.

மேடையில் எஞ்சியிருக்கும் பெரியோர்களே, விருது வாங்கிய தம்பிகளே, தங்கைகளே!

முதல் நன்றி கேடயத்துக்கு. தங்கக் கலர் பிளாஸ்டிக்கில், ஒரு பக்கம் கம்பெனிப் பெயர் பெரிதாகவும் மறுபக்கம் உங்கள் பெயர் எழுத்துப் பிழையோடும் அச்சிட்ட அந்தக் கேடயத்துக்கு. மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகினால் ஜாபைத் தூக்கி ஸ்கிராப்பில் போடச் சொன்னவர்கள், உங்கள் கையில் கொடுத்திருக்கும் கேடயம் மேஜையில் நேராக நிற்காமல் ஆடுகிறது. கவனித்தீர்களா? கவனித்திருப்பீர்கள். கண் பழகிவிட்டது. அந்தக் கண்ணுக்குத்தானே விருது.

அடுத்து பொன்னாடை. உங்களுக்கு விருது கொடுக்க வந்த ஏழு பேருக்கும் பொன்னாடை போர்த்தினோம். உங்களுக்குப் போர்த்தவில்லை. வருத்தப்படாதீர்கள், யூனிஃபார்மில் இருக்கும்போது தொங்கும் துணி எதையும் போடக்கூடாது, மெஷினில் சிக்கும். பாதுகாப்பு விதி.

இப்போது உதவித்தொகைக்கு நன்றி. சம்பளம் என்று சொல்லிவிடாதீர்கள், ஹெச்.ஆர். சார் முகம் சுளிப்பார். 2019-இல் திருத்திய விதிப்படி, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வரும் அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தபட்சம் 7,000 ரூபாய். பத்தாம் வகுப்போடு நேரே வந்தவருக்கு 6,000. ஏழாயிரத்தை 26 வேலைநாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 269 ரூபாய் வருகிறது. இதே தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு 2025-26-இல் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். அதாவது, இரண்டு வருடம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, அரத்தைப் பிடித்துக் கை காய்த்து, வரைபடம் படிக்கக் கற்று, தேர்வெழுதி, ஷிஃப்ட் பஸ் ஏறி வரும் பையனைவிட, அவனைப் படிக்கவைக்க ஏரியில் மண் வெட்டிய அவன் அம்மாவுக்கு நாளொன்றுக்கு 67 ரூபாய் அதிகம். அந்த அம்மாவுக்குக் கிடைப்பது அதிகம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அதுவே போதாத கூலி. போதாத கூலிக்குக் கீழே ஒரு படி இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தப் படியில் நாட்டின் எதிர்காலத்தை உட்காரவைத்திருக்கிறோம்.

சில ஆலைகள் 12,000, 14,000 என்று கொடுக்கின்றன. அதையும் சொல்லிவிடுகிறேன், பழி வேண்டாம். ஆனால், அதே லைனில் அடுத்த ஸ்டேஷனில் அதே ஸ்பேனரைப் பிடித்து நிற்கும் நிரந்தரத் தொழிலாளி என்ன வாங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள். கேன்டீனில் மெதுவாகக் கேளுங்கள்.

உதவித்தொகையைக் கம்பெனி தனியாகச் சுமக்க வேண்டாம் என்று மத்திய அரசு 2016-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. 25 சதவீதத்தை, அதிகபட்சம் 1,500 ரூபாயை, அரசே கொடுத்துவிடும். ஏழாயிரத்தில் கம்பெனியின் கையிலிருந்து போவது 5,500. இன்றைய விழாவின் பூச்செண்டுக் கணக்கை நான் பார்க்கவில்லை, பார்க்காததே நல்லது. 2025 மே மாதம் மத்திய தொழில் பழகுநர் கவுன்சில் கூடி, உதவித்தொகையை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தது: 5,000 முதல் 9,000 வரை இருப்பதை 6,800 முதல் 12,300 வரை ஆக்கலாமாம். பரிந்துரைக்கும் நன்றி. பரிந்துரையைப் பொட்டலம் கட்டி மளிகைக்கடையில் கொடுத்தால் எத்தனை கிலோ பொன்னி அரிசி தருவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த விழாவின் உண்மையான நாயகருக்கு இனிமேல்தான் வருகிறேன். அவர் மேடையில் இல்லை. அவர் பெயர் தொழில் பழகுநர் சட்டம், 1961. இதற்கு முன்னால் 1850-இல் வெள்ளைக்காரன் ஒரு அப்ரண்டிஸ் சட்டம் போட்டான். பத்து வயதுக்கு மேல் பதினெட்டுக்குள் இருக்கும் குழந்தைகளை, குறிப்பாக அநாதைகளையும் ஏழைகளையும், ஒரு தொழில்காரரிடம் ஒப்பந்தம் போட்டு ஒப்படைப்பதற்கான சட்டம். யாருக்காகச் சட்டம் என்பதை அவன் வெட்கமில்லாமல் எழுதிவைத்தான். நாம் சுதந்திரம் பெற்றவர்கள், நாகரிகமாக எழுதினோம்.

எவ்வளவு நாகரிகம் என்று பாருங்கள். பிரிவு 17: நடத்தை, ஒழுங்கு சம்பந்தப்பட்ட எல்லா விஷயத்திலும் அப்ரண்டிஸ், அந்த நிறுவனத்தில் அதே வகை ஊழியர்களுக்கு உள்ள விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். லேட்டாக வந்தால், சொல்லாமல் லீவு போட்டால், சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால், அவரும் ஊழியரைப் போலத்தான். அதற்கு அடுத்த பிரிவு, 18: அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. நடுவில் இன்னொரு பிரிவைப் போட்டுக் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கலாம். விடவில்லை. மெமோ வாங்கும்போது தொழிலாளி, உரிமை கேட்கும்போது மாணவன். 17-க்கும் 18-க்கும் இடையில் ஒரு முற்றுப்புள்ளிதான் இருக்கிறது. அந்த முற்றுப்புள்ளிக்குள் இந்த நாட்டில் எத்தனை அசெம்பிளி லைன்கள் ஓடுகின்றன!

சட்டத்தைக் குறை மட்டும் சொல்லக்கூடாது. பிரிவு 14-உம் 16-உம் ஆலைப் பாதுகாப்பையும் விபத்து இழப்பீட்டையும் அப்ரண்டிஸுக்கும் தருகின்றன. பிரஸ்ஸில் விரல் போனால், இழப்பீட்டுக் கணக்குக்காக அந்த மட்டில் அவன் தொழிலாளியாக எண்ணப்படுவான். பத்து விரலோடு இருக்கும்வரை மாணவன். வேலை நிரந்தரம் ஆகாது, ஊனம் ஆகும்.

தண்டனைப் பகுதிக்கும் தனியே நன்றி சொல்ல வேண்டும். சட்டம் பிறந்தபோது, அதை மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு என்று எழுதியிருந்தார்கள். யாராவது உள்ளே போனார்களா என்பது வேறு கதை. பயமுறுத்தவாவது அந்த வரி இருந்தது. 2014-இல் திருத்தினார்கள். சிறை போயிற்று. இப்போது அப்ரண்டிஸை அனுமதியில்லாமல் ஓ.டி. பார்க்கவைத்தால், பயிற்சிக்குச் சம்பந்தமில்லாத வேலை கொடுத்தால், பீஸ் ரேட்டில் காசு கொடுத்தால், தடவைக்கு 1,000 ரூபாய் அபராதம். தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாமல் பைக் ஓட்டினாலும் 1,000 ரூபாய்தான். ஆக, நைட் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதே என்று ஹெல்மெட்டை மறந்துவிட்டு ஓடிவரும் அப்ரண்டிஸும், அவனை எட்டு மணி நேரம் அட்டைப்பெட்டி சுமக்கவைக்கும் ஆயிரம் கோடிக் கம்பெனியும் சட்டத்தின் முன் சரிசமம். வித்தியாசம் ஒன்றே ஒன்று: அவனை வண்டலூர் ரோட்டில் போலீஸ் நிறுத்தும்.

இனி அடைப்புக்குறிக்கு நன்றி. ஆமாம், அடைப்புக்குறிக்குத்தான். போனஸ் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், 1965. ஊழியர் என்றால் யார்? எந்த நபரும், அடைப்புக்குறிக்குள், அப்ரண்டிஸ் நீங்கலாக. பணிக்கொடைச் சட்டம், 1972. எந்த நபரும், அப்ரண்டிஸ் நீங்கலாக. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டிலும் 1961 தொழில் பழகுநர் சட்டப்படி சேர்ந்த அப்ரண்டிஸ் நீங்கலாக. ஒரு பழைய சட்டம் பிடிவாதமாக வேறு மாதிரி எழுதியிருந்தது. தொழில் தகராறு சட்டம், 1947. தொழிலாளி என்றால் எந்த நபரும், அப்ரண்டிஸ் உட்பட. சுதந்திரம் வரப்போகும் வருடத்தின் சந்தோஷத்தில் யாரோ எழுதிவிட்டார்கள் போலும். பிறகு வந்த 1961-ஆம் வருடச் சட்டம் பக்கவாட்டில் அதை முடக்கிப் பார்த்தும், அந்த ‘உட்பட’ மட்டும் காகிதத்தில் உயிரோடு கிடந்தது.

29 தொழிலாளர் சட்டங்களைச் சுருக்கி 4 தொகுப்புகளாக்கினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அவை அமலுக்கு வந்துவிட்டன. ‘நவீனம்’ என்றார்கள், ‘எளிமை’ என்றார்கள். அந்தப் பழைய ‘உட்பட’ என்ன ஆயிற்று என்று தேடிப்போனேன். தொழிலுறவுத் தொகுப்பில் தொழிலாளி என்றால் எந்த நபரும், அப்ரண்டிஸ் நீங்கலாக. முடிந்தது. 29-ஐ 4 ஆக்கத் தெரிந்த கைகளுக்கு அந்த அடைப்புக்குறியைச் சுருக்க மட்டும் மனம் வரவில்லை. விட்டுப்போன இடத்திலும் தேடிப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு அக்கறை. அத்தனை பேர் உட்கார்ந்து, ஒருவர்கூட மறக்காமல், உன்னை நினைவு வைத்துக்கொண்டு வெளியே விட்டிருக்கிறார்கள், தம்பி. இதைவிடப் பெரிய அங்கீகாரம் வேண்டுமா?

விருதுக் குழுவுக்கு வருவோம். ‘தலைசிறந்த’ என்பதை எப்படி அளந்தார்கள்? நான் விசாரித்த மட்டில், வருடம் முழுக்க லீவு போடாதவர். ஓ.டி. என்றால் முகம் கோணாதவர். ஒருவர் வராத நாளில் இரண்டு ஸ்டேஷன் பார்த்தவர். ரிஜெக்ஷன் இல்லாதவர். ‘சார், எங்களை டை ரூமுக்கு எப்போ மாத்துவீங்க’ என்று கேட்காதவர். கடைசியாகச் சொன்னதற்குத்தான் மதிப்பெண் அதிகம்.

ஏனென்றால் பாடத்திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அப்ரண்டிஸ் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. பிரிவு பிரிவாக மாறிப் போய்க் கற்க வேண்டும், செய்ததை அன்றன்றைக்கு நோட்டில் எழுத வேண்டும். நடைமுறையில் என்ன? ஒரு பையனைக் கன்வேயர் பக்கத்தில் ஒரு நாள் நிறுத்தினார்கள். நாலு போல்ட். வலதுபக்கம் இரண்டு, இடதுபக்கம் இரண்டு. முதல் வாரம் கை வலித்தது, இரண்டாம் வாரம் வேகம் வந்தது, ஒரு மாதத்தில் தூக்கத்தில்கூட முறுக்குவான். மீதி மாதங்களில் கற்றது என்ன? மூத்திரத்தை அடக்கக் கற்றான், ஏனென்றால் ரிலீவர் வராமல் லைனை விட முடியாது. மாற்றலாம்தான், ஆனால் அவனை மாற்றினால் அந்த நாலு போல்ட்டை யார் முறுக்குவது? அவ்வளவு நன்றாக முறுக்குகிறான். நோட்டை மட்டும் கடைசி வாரத்தில் நாலு பேர் உட்கார்ந்து ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதி முடித்தார்கள். அதில் அவன் டை ரூமும் பார்த்திருக்கிறான், ஹீட் ட்ரீட்மென்ட்டும் பார்த்திருக்கிறான். சூப்பர்வைசர் கையெழுத்தும் இருக்கிறது. மெஷினுக்கு வருடத்துக்கு ஒரு நாள் ஆயுத பூஜை, அப்ரண்டிஸுக்கு வருடத்துக்கு ஒரு நாள் விருது விழா. இரண்டுக்கும் பொட்டு வைத்துப் படம் எடுக்கிறோம். மெஷினுக்காவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது.

பெயர் சூட்டிய பெரியவர்களையும் மறக்கக்கூடாது. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு: 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு நிரந்தரத் தகுதி. இந்தியாவில் வேறு பலருக்கும் இல்லாத நல்ல சட்டம். அந்த 480 என்ற எண்ணைக் கண்டு எம்.டி.க்குத் தூக்கம் கெட்டது. கெட்ட தூக்கத்தில் பிறந்தவைதான் இத்தனை பெயர்களும். ஆக்ட் அப்ரண்டிஸ், கம்பெனி டிரெய்னி, டெக்னீஷியன் டிரெய்னி, டிப்ளமோ டிரெய்னி, கிராஜுவேட் டிரெய்னி. 2013-இல் ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்த நீம் திட்டத்தில் மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை ‘பயிற்சி’ இருந்தது. நடுவில் ஒரு ஏஜென்சி. ஆலைக்கும் பையனுக்கும் நேரடி உறவே இருந்ததில்லை. ஒரு பெயரில் காலம் முடிந்ததும் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பி, வேறு பெயரில் கூப்பிடுவது. அதே கேட், அதே லைன், அதே நாலு போல்ட். புது ஐ.டி. கார்டு. நூறு தடவை பிறந்தாலும் 480-ஐ எட்ட முடியாதபடி ஒரு மனிதனுக்கு ஜாதகம் எழுதுவது சாதாரண விஷயமா? அதற்கென்றே எம்.பி.ஏ. படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் டிரெய்னி இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ‘தங்கைகளே’ என்று ஆரம்பத்தில் சொன்னேன். இந்த மேடையில் ஏறிய தங்கைகள் கொடுத்துவைத்தவர்கள். மேற்கே போனால், கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் ‘அப்ரண்டிஸ்’ என்ற சொல்லை இன்னும் திறமையாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு. திட்டத்தின் பெயரே மங்களகரம்: சுமங்கலித் திட்டம். திருமகள் திருமணத் திட்டம் என்றும் சொன்னார்கள். பதினாலு, பதினைந்து, பதினாறு வயதுப் பெண்பிள்ளைகளை, பெரும்பாலும் தலித் வீடுகளிலிருந்தும் வானம் பார்த்த பூமியிலிருந்தும், புரோக்கர் வழியாகக் கூட்டிவந்து மில் ஹாஸ்டலில் பூட்டிவைப்பார்கள். மூன்று வருடம் பயிற்சி. முடிந்தால் மொத்தமாக 30,000, 40,000, 50,000 என்று ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. நடுவில் உடம்புக்கு முடியாமல் ஓடிவிட்டால், பெரும்பாலும் தொகை இல்லை.

மூன்று வருடம் என்ன பயிற்சி? ரிங் ஃபிரேமில் அறுந்த நூலை இணைக்கும் பயிற்சி. சைடர் வேலை. சூட்டிகையான பிள்ளை சில மாதங்களில் கற்றுவிடும். பிறகு பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே இரவும் பகலும் ஓடும். கற்றுக்கொண்ட பிறகும் அவள் பயிற்சி பெறுபவள்தான். மூன்று வருடமும் பயிற்சி பெறுபவள்தான். சைடராக ஆகிவிட்டால் சைடர் கூலி கொடுக்க வேண்டுமே.

1961-இல் நாடாளுமன்றம் செய்த சட்டங்களில் இரண்டைப் பாருங்கள். ஒன்று வரதட்சணைத் தடைச் சட்டம், இன்னொன்று தொழில் பழகுநர் சட்டம். இரண்டையும் ஒரே போர்டில், ஒரே வாக்கியத்தில், ஊர் ஊராகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி மீறிக்காட்டிய மேதைகள் நம் ஊர்க்காரர்கள். வரதட்சணை கேட்பவனுக்குக் கொடுப்பதற்காக, பயிற்சி என்ற பெயரில் கூலியைப் பிடித்துவைத்து, அதையே கடைசியில் சீர் மாதிரி எடுத்துக் கொடுப்பது! அவள் உழைத்த காசை அவளுக்கே அன்பளிப்பாக! அந்தப் பெண்களில் தலைசிறந்தவர் யார் என்று ஒரு விருது கொடுத்திருக்கலாம். நூல் அறுந்தால் எத்தனை விநாடியில் இணைக்கிறாள் என்று ஸ்டாப் வாட்ச் வைத்து எண்ணியவர்கள், அவள் வயதை மட்டும் ஏன் எண்ணவில்லை என்று யாரும் மேடையில் கேட்கமாட்டார்கள். அவள் முடித்துப் போனதும் ஹாஸ்டல் கட்டிலில் அடுத்த பிள்ளை வந்து படுத்தாள். நூலுக்கு ஏற்றுமதி விருது கிடைத்தது.

பெண்ணைப் பெற்றவர்கள் ஏன் அனுப்பினார்கள் என்று கேட்கும் கனவான்கள் அவையில் இருந்தால், அவர்களுக்கும் நன்றி. அந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்கு உங்கள் வீட்டில் அரிசி இருக்கிறது.

ரயில்வேக்கும் இரண்டு வார்த்தை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் பொன்மலைப் பணிமனையிலும் அப்ரண்டிஸ் முடிப்பது ஒரு காலத்தில் எங்கள் தெருக்களில் கௌரவம். முடித்தவனுக்குப் பெண் கொடுப்பார்கள். இன்று ஆக்ட் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல் 1 பணியிடங்களில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு, தேர்வெழுதி வர வேண்டும். ரயில் பெட்டியின் அடிப்பாகத்தைக் கழற்றி மாட்டப் பழகியவனிடம் நாட்டு நடப்பும் பொது அறிவும் கேட்கிறார்கள். கேட்கட்டும். நாட்டு நடப்பு அவனுக்கு நன்றாகவே தெரியும். வேலை கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்த போராட்டங்கள் எத்தனையோ நடந்திருக்கின்றன. விடைத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

உச்ச நீதிமன்றத்துக்கு மனமார்ந்த நன்றி. 1995-இல், உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக அப்ரண்டிஸ்கள் தொடுத்த வழக்கில், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் புதிதாக வருபவரைவிடப் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று சொன்னது. அரசு காசு செலவழித்துப் பயிற்சி கொடுத்தது வீணாகக்கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தின் பிரிவு 22 வேறு பாட்டுப் பாடுகிறது: பயிற்சி முடித்தவருக்கு வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. 2014 திருத்தத்தில் அதையும் மெருகேற்றினார்கள். அப்ரண்டிஸ்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும். வகுத்துவிட்டார்கள். எடுப்பதில்லை என்பதும் ஒரு கொள்கைதானே.

2022 செப்டம்பர் 17, விஸ்வகர்ம ஜெயந்தி அன்று ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு முதன்முறையாகப் பட்டமளிப்பு விழா நடத்தினார்கள், பிரதமர் காணொளியில் பேசினார். கைத்தொழிலுக்கு மரியாதை வந்துவிட்டது என்றார்கள். 2024 பட்ஜெட்டில் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் வந்தது: பெரிய 500 கம்பெனிகளில் ஒரு வருடம், மாதம் 5,000 ரூபாய், அதில் கம்பெனியின் பங்கு 500, அதுவும் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து. ஒரு இளைஞனை மாதம் முழுக்கத் தன் வாசலில் நிறுத்தியதற்குக் கம்பெனி கொடுக்கும் ஐந்நூறு, தானக் கணக்கில் ஏறுகிறது. அன்னதானம், ரத்ததானம் வரிசையில் இனி வேலைதானம்.

மைக்கைக் கேட்கிறார்கள். முடித்துவிடுகிறேன். விருதுச் சான்றிதழை ஒரு தடவை கவனமாகப் படியுங்கள். ‘உற்பத்தியில் காட்டிய சிறப்பான பங்களிப்புக்காக’ என்று எழுதியிருக்கிறது. ‘பயிற்சியில்’ என்று எழுதவில்லை. எழுதிய ஹெச்.ஆர். அவசரத்தில் எழுதியிருப்பார், எம்.டி. பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். ரப்பர் ஸ்டாம்பும் இருக்கிறது, தேதியும் இருக்கிறது. இந்தப் பையன் உற்பத்தி செய்தான். இருப்பவர்களில் நன்றாகவே செய்தான். இவன் கற்றுக்கொண்டு முடித்துவிட்டான் என்பது எங்களுக்குத் தெரியும். இதைத்தான் கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில், சாட்சிகள் முன்னிலையில், போட்டோவோடு ஒப்புக்கொண்டிருக்கிறது. தலைசிறந்தவன் என்றால் பயிற்சி ஏன் முடியவில்லை? முடியவில்லை என்றால் விருது எதற்கு? இந்த இரண்டு கேள்விகளில் எதற்கு வேண்டுமானாலும் அவர்கள் பதில் சொல்லட்டும்.

ஆகவே, கேடயத்தை வீட்டு டி.வி. மேலே வையுங்கள், அம்மா சந்தோஷப்படட்டும். சான்றிதழை மட்டும் லேமினேட் செய்துவிடாதீர்கள். ஒரிஜினல் தாளில் ஸ்டாம்ப் போட வேண்டியிருக்கும். ஷிஃப்ட் பஸ் சீட்டு, பஞ்ச் செய்த நேரம், நீங்கள் முறுக்கிய போல்ட்டின் ஸ்டேஷன் நம்பர், மாறி மாறிக் கொடுத்த ஐ.டி. கார்டுகள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் நீதிமன்றத்தில் மனுதாரர் தரப்புச் சான்றாவணங்களுக்கு எண் போடும்போது முதலில் இந்தச் சான்றிதழைக் கொடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இவர் தொழிலாளியே இல்லை என்று ஆரம்பிப்பார். அவர் பேசி முடிக்கட்டும், குறுக்கிடாதீர்கள். பிறகு கையெழுத்து யாருடையது என்று எம்.டி.யைக் கூண்டில் ஏற்றிக் கேளுங்கள்.